38,500 ரூபாயும் போச்சு, அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கும் கெட்டுப்போச்சு: பட்டாளத்துக் குடும்பங்கள் தயவுசெய்து படியுங்கள்

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று சாயங்காலம்தான் கூரியர் வந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இன்னொரு வீட்டில் இன்னொரு பெரியவர், விடுபட்ட மெடலை வாங்கித் தருகிறேன் என்று வரும் இதே ஆளிடம் ஏமாறக் கூடாது என்றுதான் காலையில் சமையலைக்கூட அப்படியே விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். 38,500 ரூபாய். ஒரே நாளில் போனதில்லை, மூன்று தடவையாக நானே என் கையால் அனுப்பியது.

எங்கள் ஊர் வேலூர்ப் பக்கம், தெருவுக்கு நாலு பேராவது பட்டாளத்தில் இருந்தவர்கள். அப்பா 1968-இல் ராணுவத்தின் பொறியாளர் பிரிவான எம்.இ.ஜி.யில் சேர்ந்தார், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்பார்கள். 1971 போரில் மேற்கு முனையில், சக்கர்கர் பகுதியில் கண்ணிவெடி அகற்றும் வேலை. டேங்குகள் ஆற்றைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் அதற்கு முன்னால் இவர்கள் ராத்திரியில் தரையைத் தடவித் தடவி வழி திறக்க வேண்டும். பசந்தர் ஆறு என்று சொன்னால் இன்றைக்கும் அவர் பேச்சு பாதியில் நின்றுவிடும், அதற்கு மேல் நாங்கள் கேட்பதில்லை. 1985-இல் நாயக் ரேங்கில் ஓய்வு பெற்று வந்தார். இப்போது வயது 75.

ஓய்வு பெறும்போது பணி விவரம் எழுதி ராணுவம் கொடுத்த அவருடைய டிஸ்சார்ஜ் புக்கில், மெடல் பக்கத்தில் இரண்டே இரண்டுதான் இருந்தன, சைன்ய சேவா மெடல், ஒன்பது வருட நீண்ட சேவை மெடல். போரில் இருந்தவர்களுக்குக் கொடுத்த சங்கராம் மெடல் இல்லை. மேற்கு முனையில் இருந்தவர்களுக்கான பஸ்சிமி ஸ்டார் இல்லை. 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்குக் கொடுத்த சுதந்திர வெள்ளிவிழா மெடல்கூட இல்லை. பேர் அனுப்பிய நேரத்தில் அப்பா வேறு யூனிட்டுக்கு மாற்றலாகிவிட்டார், அதில் விடுபட்டிருக்கும் என்பது அவர் கணக்கு. இத்தனை வருஷம் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. போன ஆகஸ்ட் 15 அன்று கலெக்டர் ஆபிஸ் மைதானத்தில் அவருடன் ஒரே ரெஜிமென்ட்டில் இருந்தவர் ஐந்து மெடலுடன் வந்து, "உனக்கு ஏன்டா ரெண்டுதான்?" என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் சாப்பிட வரவில்லை. "பாப்பா, இதை சரி பண்ண முடியுமா?" என்று கேட்டார். அப்பா என்னிடம் எதுவும் கேட்டு எனக்கு ஞாபகமே இல்லை.

அப்புறம்தான் அந்த ஆள். முன்னாள் ராணுவத்தினருக்கு பென்ஷன், ஆவணத் திருத்தம், மெடல் எல்லாம் செய்து தருவதாக விளம்பரம் போடும் ஒரு கன்சல்டன்சி. பெயர் போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்கிறார். கேன்டீன் வரிசையில் யாரோ கொடுத்த கார்டு. போன் செய்த மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நின்று, "ஜெய் ஹிந்த், சாப்!" என்று அப்பாவுக்கு சல்யூட் அடித்தான். தான் ராணுவத்தினரின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ஒரு ரெக்கார்ட் ஆபிஸில் கிளார்க்காக இருந்து வந்ததாகச் சொன்னான். பார்ட் டூ ஆர்டர், ஷீட் ரோல் என்று அந்த உலகத்து வார்த்தைகள் எல்லாம் அவன் வாயில் சரளமாக வந்தன. பட்டாளத்தில் சாப் என்று கூப்பிடுவது சுபேதார் மாதிரி ஜே.சி.ஓ.க்களை, அப்பா அதற்குக் கீழே, நாயக். உண்மையாகவே ரெக்கார்ட் ஆபிஸில் இருந்தவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையில் அவர் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். எனக்கு அப்போதே கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

கைக்குட்டையில் கையைத் துடைத்துவிட்டுத்தான் டிஸ்சார்ஜ் புக்கைத் தொட்டான். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். "எந்த செக்டர், சாப்?" என்று கேட்டான். அப்பா சக்கர்கர் என்றார். அதை டைரியில் எழுதிக்கொண்டான், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

ஒரிஜினல் வேண்டும் என்றான். நகல் போதாதா என்று கேட்டேன். "நகலை வெச்சு மெடல் செக்‌ஷன்ல ஒண்ணும் நடக்காது மேடம்" என்றான். ஒரு ரசீதாவது எழுதிக் கொடுங்கள் என்றதற்கு அப்பாவைப் பார்த்து, "பட்டாளத்துக்காரங்க நமக்குள்ள ரசீதா, சாப்?" என்றான். அப்பா என்னைத்தான் முறைத்தார். கொடுத்துவிட்டேன். அன்றைக்கே பைல் ஓப்பனிங் என்று 8,500 ரூபாய். மூன்று மெடலும் புத்தகத்தில் ஏறிவிட்டால் பென்ஷன் கூடும், நிலுவையும் வரும் என்று வேறு சொன்னான். பச்சைப் பொய். ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. யுபிஐ அனுப்பும்போது ஒரு பெண்ணின் பெயர் வந்தது, கேட்டால் அக்கவுன்ட்ஸ் பார்க்கும் மேடம் என்றான்.

அக்டோபரில் டெல்லி வெரிபிகேஷன் என்று 15,000. பொங்கலுக்கு முன்னால் மெடல் ரிலீஸ் என்று இன்னொரு 15,000, "ஜனவரி 26-க்கு சாப் அஞ்சு மெடலோட போவார், நான் கேரண்டி" என்று சொல்லி வாங்கினான். அந்தக் கடைசி 15,000 என் மகளின் ஸ்கூல் பீஸுக்கு எடுத்து வைத்தது. ஆக 38,500.

ஜனவரி 26-க்கு அப்பா கோட்டை அயர்ன் பண்ணி ஹேங்கரில் மாட்டி வைத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. இந்த வருடம் அவர் கலெக்டர் ஆபிஸுக்குப் போகவில்லை, முட்டி வலி என்றார்.

அதற்கப்புறம் நான் எத்தனை போன் செய்தேன் என்று கணக்கில்லை. பைல் டெல்லியில் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய மேஜர் லீவு. ஆடிட் நடக்கிறது, மார்ச் முடியட்டும். சர்வர் டவுன். ஒருநாள் ஒரு பெண் எடுத்து சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றாள், பின்னால் அவன் குரலே கேட்கிறது. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழும், பதில் வராது. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் உடனே எடுப்பான், என் குரல் கேட்டதும் சிக்னல் இல்லை என்று கட் செய்வான். நடுவில் ஒருமுறை ராணுவ பென்ஷன் இணையதளமான ஸ்பார்ஷின் லாகின் பாஸ்வேர்டு கொடுங்கள், அதில் சேர்த்தால் சீக்கிரம் முடியும் என்றான். நல்லவேளை, அதை மட்டும் கொடுக்கவில்லை. குறைந்தபட்சம் அந்தப் புத்தகத்தையாவது திருப்பிக் கொடு என்று அழுதிருக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போன வாரம் போலீசுக்குப் போகப் போகிறேன் என்று மெசேஜ் போட்ட பிறகுதான் கூரியர் அனுப்பினான்.

பார்சலில் டிஸ்சார்ஜ் புக் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று மெடல், லேமினேட் செய்த ஒரு சான்றிதழ். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சான்றிதழைப் படித்தார். ஒருமுறை படித்தார், மறுபடியும் படித்தார். அப்புறம் மெதுவாக, "பூர்வி ஸ்டார்னு போட்டிருக்கான். பூர்வின்னா கிழக்கு பாப்பா. நான் மேற்குல இருந்தேன்" என்றார்.

பூர்வி ஸ்டார் வங்காளப் பக்கம் போரிட்டவர்களுக்கு. அவர்கள் பட்ட பாடு அவர்களுடையது, அதற்கான நட்சத்திரம் அவர்களுக்கு உரியது. அப்பா கால் வைத்ததே இல்லாத ஒரு போர்முனையை அவர் பேரில் எழுதி அனுப்பியிருக்கிறான்! சங்கராம் மெடல் என்று வைத்திருந்ததை அப்பா விரலில் உருட்டிப் பார்த்தார். அரசு கொடுக்கும் மெடலின் விளிம்பில் ராணுவ நம்பர், ரேங்க், பேர் எல்லாம் பொறித்திருக்கும், அவரிடம் இருக்கும் பழைய மெடலில் இருக்கிறது. இதில் விளிம்பு மொழுமொழுவென்று இருந்தது. கடையில் விற்கும் மெடல்.

அதைவிடக் கொடுமை புத்தகத்துக்குள் இருந்தது. மெடல் பக்கத்தில், 1985-இல் ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்ட வரிகளுக்குக் கீழே, நீல பால்பாயின்ட் பேனாவில் மூன்று வரி எழுதி, யாருக்கும் படிக்க முடியாத ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருக்கிறான். நாற்பது வருஷமாக டிரங்குப் பெட்டியில் பட்டுத்துணி சுற்றி வைத்திருந்த புத்தகம். அதில் குறை இருந்தது, ஆனால் பொய் இல்லை. இப்போது இருக்கிறது.

உடனே அவனுக்குப் போன் போட்டேன், புது நம்பரிலிருந்து. எடுத்தான். கிழக்கு, மேற்கு விஷயத்தைச் சொன்னேன். அவன் சொன்னது: "மேடம், அப்பாவுக்கு வயசாயிடுச்சு, எங்க இருந்தார்னு அவருக்கே ஞாபகம் இருக்காது. ரெக்கார்டுல என்ன இருக்கோ அதைத்தான் போட்டிருக்கோம்." போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

38,500 ரூபாயை நான் எப்படியாவது சம்பாதித்துவிடுவேன். அந்த வார்த்தையை என்ன செய்வது?

இன்று காலை பத்து மணிக்கே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய் நின்றேன். முதலிலேயே போயிருக்க வேண்டிய இடம், பஸ்ஸில் அரைமணி நேரம். அங்கே இருந்தவர் புத்தகத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். விடுபட்ட சேவை மெடலுக்கு ஓய்வு பெற்றவர் தானே ஒரு வெள்ளைத் தாளில் விண்ணப்பம் எழுதி, ராணுவ நம்பர், ரேங்க், பேர், இருந்த யூனிட், காலம் எல்லாம் குறிப்பிட்டு, டிஸ்சார்ஜ் புக் நகலோடு தன் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபிஸுக்கு அனுப்பினால், அவர்களிடம் இருக்கும் பணிப் பதிவுகளான ஷீட் ரோலையும் பார்ட் டூ ஆர்டரையும் பார்த்துத் தகுதி இருந்தால் எடுத்துக் கொடுப்பார்களாம். கட்டணம் கிடையாது. ஒரு ரூபாய் கிடையாது! நான் கொடுத்தது 38,500.

போலி வரிகளை அழிக்கவோ அடிக்கவோ கூடாது, அப்படியே வைத்து, நடந்ததை விவரித்து ஒரு கடிதமும் போலீஸ் புகாரின் நகலும் சேர்த்து அனுப்புங்கள் என்றார் அவர். ஒரே ஒரு நல்ல விஷயம், ஆகஸ்டில் தம்பிக்கு அனுப்புவதற்காக மெடல் பக்கத்தை போனில் படம் எடுத்திருந்தேன். தேதியோடு இருக்கிறது, அதில் இரண்டு வரிதான். சைபர் மோசடிக்கான 1930-க்குப் போன் செய்து புகார் பதிவாகிவிட்டது. ஸ்டேஷனில் புகார் ரசீதான சி.எஸ்.ஆர். வாங்க மதியம் போகிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், நேரமில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ. எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள், எல்லாப் பக்கத்தையும் இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். ரெக்கார்ட் ஆபிஸுக்கு நீங்களே எழுதுங்கள், எம்.இ.ஜி. என்றால் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். போர் மெடல், சேவை மெடல் சேர்வதால் பென்ஷன் அதிகமாகாது, மாதப்படி எல்லாம் வீரச்செயலுக்கான விருதுகளுக்குத்தான், அதிகமாகும் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுப்பி அனுப்புங்கள். ஸ்பார்ஷ் பாஸ்வேர்டு, ஓடிபி கூடவே கூடாது.

வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டைப் பக்கம் யாருக்காவது இதே மாதிரி பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று மெடலும் லேமினேட் சான்றிதழும் வந்திருந்தால், கூரியர் கவரைத் தூக்கிப் போடாதீர்கள், எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம். அப்பா உள்ளே புது விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார். நான் எழுதித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். முதல் வரியில் ராணுவ நம்பர், எதையும் பார்க்காமலே எழுதினார்.