9 மி.மீ. பிஸ்டல், நெடுநாள் பாவனை: கோளாறு ஆயுதத்திலா, பிடியிலா?

முதலில் முடிவு. க்ளொக் 17, சீஸெட் 75 இரண்டும் நம்பிச் சுடக்கூடியவை. ஆனால் க்ளொக் சூட்டுக்கு இடையில் சிக்கி நிற்காமல் ஓடுவதில் சுடுபவரின் மணிக்கட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது; சீஸெட்டில் அந்தப் பங்கு குறைவு. "எனக்கு மட்டும் சிக்குது, அவருக்கு ஒன்னும் ஆகல்லயே" என்ற முறைப்பாட்டில் பாதிக்கு மேல் இதற்குள் அடங்கும்.

காரணம் எடை. பிளாஸ்டிக் பிரேம் (பிடியோடு சேர்ந்த கீழ் உடல்) உள்ள வெறும் க்ளொக் 17 சுமார் 630 கிராம். இரும்புப் பிரேம் உள்ள சீஸெட் 75 ஒரு கிலோ. சுட்டவுடன் ஸ்லைடும் (பிரேமின் மேல் முன்பின் ஓடும் பகுதி) குழலும் பூட்டியபடியே சில மில்லிமீட்டர் பின்னால் வரும். பிறகு குழலின் பின்பக்கம் கீழே சாய்ந்து பூட்டு விடும். அதற்கு மேல் ஸ்லைட் தனியாக ஓடி, வெற்றுக் கோதை (சுட்ட ரவையின் உறை) இழுத்து எறிந்து, ஸ்பிரிங்கை அழுத்தி, திரும்புகையில் அடுத்த ரவையைத் தள்ளிக்கொண்டு போகும். இந்த ஓட்டம் முழுவதும் பிரேம் நின்ற இடத்தில் நிற்கிறது என்ற கணக்கில் அமைந்தது. கை தளர்ந்து பிரேமும் கூடவே பின்னால் போனால், ஸ்லைட் பிரேமின் மேல் ஓடும் தூரம் குறைகிறது. சுவரை உதைத்து எழும்புவதற்கும் ஊஞ்சல் பலகையை உதைத்து எழும்புவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

எவ்வளவு குறைந்தது என்பதைத் துப்பாக்கியே காட்டிக்கொடுக்கும். கொஞ்சம் குறைந்தால் கடைசி ரவைக்குப் பிறகு ஸ்லைட் திறந்து நிற்காது. இன்னும் குறைந்தால் கோது வெளியே போய்விடும், ஆனால் அடுத்த ரவையைப் பிடிக்காமல் ஸ்லைட் மூடிக்கொள்ளும். விசையை இழுத்தால் 'டிக்' என்ற சத்தம் மட்டும். அதைவிடவும் குறைந்தால் கோது வெளியேறும் திறப்பிலேயே செங்குத்தாக நட்டுக்கொண்டு நிற்கும். கோதுகள் வழக்கமாக விழும் இடத்தை விட்டு மணிக்கட்டுக்கருகே சோம்பலாக விழத் தொடங்கினால், சிக்கல் வரப்போகிறது என்று அர்த்தம்.

ஒரு நுணுக்கம். 9 மி.மீ. ரவை ஒன்று ஏறத்தாழ 12 கிராம். 17 ரவை என்றால் 200 கிராம். மகசின் (ரவைக்கூடு) காலியாகக் காலியாகப் பிரேம் பக்கத்து எடை குறையும். அதனால்தான் பிளாஸ்டிக் பிரேமில் பிடிக் கோளாறு கடைசி ரவைகளில் கூடுதலாக வருகிறது. சிக்கல் என்னவென்றால், மகசின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் அதே கடைசி ரவைகளில்தான் காட்டும். இரண்டையும் பிரித்தறியாமல் புது ஸ்பிரிங் வாங்குவது வீண் செலவு.

பிரித்தறிவது இப்படி. மகசின்களில் மார்க்கரால் 1, 2, 3 என்று எழுதுங்கள். கோளாறு ஒரே இலக்கத்தோடு சுற்றினால் குற்றவாளி மகசின். எல்லா மகசினிலும் வந்தால், அதே துப்பாக்கி, அதே ரவை, ஆனால் பிடி உறுதியான இன்னொருவர் கை. அவரிடம் வராவிட்டால் விடை கிடைத்துவிட்டது. பிறகு மகசினில் ஒரேயொரு ரவை போட்டுச் சுட்டுப் பாருங்கள். ஸ்லைட் திறந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உடனே துப்பாக்கியைத் திட்டாமல் பெருவிரலைப் பாருங்கள். ஸ்லைடைத் திறந்தபடி பிடிக்கும் சிறு நெம்பான ஸ்லைட் நிறுத்தியின் மேல் விரல் கிடந்தால் அது எழும்பவே எழும்பாது. கீழிருந்து தட்டினால், ரவை இருக்கும்போதே ஸ்லைட் பூட்டிக்கொள்ளும். சிக் சோவர் பி226 பிஸ்டலில் நிறுத்தி பின்னால் தள்ளி இருப்பதால், பெருவிரலை உயர்த்திப் பிடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

சரியான பிடியில் பலத்தைவிட இடம்தான் முக்கியம். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை, பிடியின் பின்புறத்தில் போகக்கூடிய அளவு மேலே, இடைவெளியின்றி. ஸ்லைடின் பாதைக்குள் மட்டும் வரக்கூடாது. வந்தால் தோல் கிழியும். மற்றக் கையின் உள்ளங்கை இடப்பக்கத்து வெற்றிடத்தை நிரப்பட்டும். சுடும் கை முன்பின்னாகவும், துணைக்கை பக்கவாட்டிலும் நெருக்கட்டும். பெருவிரல்கள் முன்னோக்கி, ஸ்லைடில் உரசாமல். மணிக்கட்டு பூட்டியிருக்க வேண்டும். முழங்கை கொஞ்சம் மடங்கியிருந்தால் பாதகமில்லை. கை நடுங்கும் அளவுக்கு நெரித்தால் விசைவிரலும் இறுகி, குறி கீழே போகும்.

சத்தம் வழக்கத்தைவிடச் சோர்ந்து 'பொசுக்' என்று கேட்டு, ஸ்லைடும் ஓடாவிட்டால், அதைப் பிடிக் கோளாறு என்று எண்ணி ஸ்லைடை இழுத்து அடுத்ததைச் சுடக்கூடாது. சன்னம் (ரவையிலிருந்து பறக்கும் குண்டு) குழலுக்குள் நின்றிருக்கலாம். அடுத்த சூட்டில் குழல் வெடிக்கக்கூடும். சுடுவதை நிறுத்தி, குழல் வாய் இலக்குப் பக்கமே இருக்க, மகசினைக் கழற்றி, அறையைக் காலியாக்கி, குழலைச் சோதித்த பிறகுதான் மற்றது.

குளிரும் ஈரமும் பிடியைத் தளர்த்தும். இலங்கை மலையகத்தில் நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். காலைக் குளிரில் விரைத்த விரல்கள் தங்களை அறியாமலே தளரும். கம்பளிக் கையுறை வழுக்கும். ஜெர்சியின் தொங்கும் கை ஸ்லைடோடு மாட்டும். தென்மேற்கு மழைக் காலத்தில் ஹட்டன் பக்கம் பிடி ஈரமாகவே இருக்கும். சைக்கிள் டியூப் துண்டை மாட்டுவது மலிவான வழி, ஆனால் அது மேலேறி மகசின் பொத்தானை அழுத்தாதபடி வெட்ட வேண்டும். மணல்தாள் போன்ற பிடி நாடா அதைவிட நல்லது. 2010இல் வந்த நான்காம் தலைமுறை க்ளொக்கிலிருந்து பிடியின் பின்பட்டைகளை மாற்றலாம். சிறிய கைக்காரர் பெரிய பட்டையைக் கழற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். தோலுறையில் வைத்துப் பூட்டி வைக்காதீர்கள், ஈரம் உறிஞ்சித் துருவேறும்.

ரவையும் கணக்கில் வரும். ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேசத் துப்பாக்கிச் சூட்டு அமைப்பின் போட்டிகளில் சன்னத்தின் நிறையை (கிரெயின் என்ற சிறிய எடை அலகில்), செக்கனுக்கு இத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் குறைந்தது 125 வர வேண்டும். 124 கிரெயின் சன்னம் 1,020 அடி வேகத்தில் போனால் 126 சொச்சம். அதைத் தொட்டுக்கொண்டு போகும் மென்மையான ரவை தளர்ந்த கையை மன்னிக்காது. அதே கையில் வேகமான ரவை ஓடிவிடும்.

எல்லாப் பழியையும் கையின்மேல் போடவும் கூடாது. நான்காம் தலைமுறை 9 மி.மீ. க்ளொக்கின் ஆரம்ப ஸ்பிரிங் தொகுதியை அந்த நிறுவனமே 2011இல் மாற்றிக் கொடுத்தது. கோதை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் நகத்தடியில் கரி படிந்தாலும் கோது நட்டுக்கொண்டு நிற்கும். உறுதியான கை, முழு வலு ரவை, நல்ல மகசின் மூன்றும் இருந்தும் சிக்கினால், அப்போது ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொண்டுபோங்கள். கோளாறு தீரும் என்று கூடுதல் இறுக்கமான ஸ்பிரிங்கைப் போடச் சொல்லாதீர்கள். ஸ்லைட் ஓட்டம் இன்னும் குறையும், இன்னும் சிக்கும்.