வடசென்னையில் இருந்து கோட் எழுத: எடிட்டரும் மொழியும், ஒரு விமர்சனம்

அனுபவமுள்ள டெவலப்பருக்கு எடிட்டர் தேர்வில் முதல் கேள்வி ஒன்றுதான்: கோட் எந்த மெஷினில் ஓடுகிறது, அதற்கும் உங்கள் கைக்கும் நடுவே எப்படிப்பட்ட நெட் லைன் இருக்கிறது? எடிட்டரும் மொழிக்கான உதவி ப்ரோகிராமும் பேசிக்கொள்ளும் பொது முறையான எல்எஸ்பி 2016-ல் வந்த பிறகு கம்ப்ளீஷன், டெஃபினிஷனுக்குத் தாவுவது, பெயர் மாற்றுவது எல்லாம் தனியாக ஓடும் அந்த ப்ரோகிராமின், அதாவது லாங்குவேஜ் சர்வரின் வேலையாகிவிட்டது. கோ மொழிக்கு, விண்டோ எடிட்டரான விஎஸ் கோடும் டெர்மினல் எடிட்டரான நியோவிம்மும் கூப்பிடுவது ஒரே சர்வரைத்தான். அந்த வகையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் லைனில் தெரியும்.

திருவொற்றியூரில் மெட்ரோ ஏறி தினமும் கிண்டி பக்கம் போகிறவர்களை எடுத்துக்கொள்வோம். புதிய வண்ணாரப்பேட்டை தாண்டியதும் ரயில் சுரங்கத்துக்குள் இறங்கிவிடும். சைதாப்பேட்டை கழிந்து சின்னமலை வரும்போதுதான் வெளிச்சம். அந்த நேரத்தில் டேட்டா விட்டு விட்டு வந்தால் சர்வரில் இருக்கும் கோடை லேப்டாப்பிலிருந்தே திறக்கும் விஎஸ் கோடின் ரிமோட் எஸ்எஸ்ஹெச் திணறிவிடும். அடித்தது விண்டோவில் நிற்கும், ஆனால் சேவ் ஆகாது. லாங்குவேஜ் சர்வர் அந்தப் பக்கத்தில் இருப்பதால் கம்ப்ளீஷனும் வராது.

இந்தப் பயணத்துக்கு, லைன் அறுந்தாலும் தொடரும் ரிமோட் டெர்மினலான மோஷ், சர்வரில் டெர்மினல் செஷனைக் காத்து வைக்கும் டிமக்ஸ், நியோவிம் மூன்றையும் சேர்த்து வைத்துக்கொள்வதுதான் சரி. மோஷை லேப்டாப்பிலும் சர்வரிலும் போட வேண்டும். லாகின் வழக்கமான எஸ்எஸ்ஹெச் வழியாகவே நடக்கும், அதன் பிறகு தொடர் இணைப்பு தேவைப்படாத யுடிபி-க்கு மாறிவிடும். நடுவில் ஐபி மாறினாலும், லேப்டாப்பை மூடித் திறந்தாலும் செஷன் விட்ட இடத்தில் இருக்கும். தகராறு வரும் இடங்கள் மூன்று. சர்வர் ஃபயர்வாலில் யுடிபி 60000 முதல் 61000 வரை திறக்காவிட்டால் லாகின் ஆனபின் திரை அப்படியே உறைந்து நிற்கும்; இத்தனை போர்ட் எதற்கு என்று அட்மின் கேட்டால், ஒரு செஷனுக்கு ஒன்று போதும், பத்து திறந்தாலே தாராளம் என்று சொல்லலாம். இரண்டாவது, சர்வரின் லோகேல் (மொழி, எழுத்துக் குறியீட்டு அமைப்பு) யுடிஎஃப் 8 ஆக இல்லையென்றால் மோஷ் கிளம்பவே கிளம்பாது. மூன்றாவது, மோஷில் பின்னோக்கி ஸ்க்ரோல் செய்ய முடியாது. மேலே ஓடிப்போன பழைய அவுட்புட் பார்க்க டிமக்ஸின் காப்பி மோட்தான் வழி.

நியோவிம் 2021-ல் 0.5 பதிப்பில் எல்எஸ்பி-யை உள்ளேயே கொண்டுவந்தது. 2025-ல் வந்த 0.11-ல் சர்வரை அமைப்பது சில வரி வேலையாகிவிட்டது. ப்ளகின் அப்டேட்தான் தலைவலி. எந்தப் ப்ளகின் எந்தப் பதிப்பு என்று பூட்டி வைக்கும் ப்ளகின் மேனேஜரின் லாக் ஃபைலை கிட்டில் போட்டு வையுங்கள். ரிலீஸ் நாளன்று அப்டேட் கொடுக்காதீர்கள்.

விஎஸ் கோடை ஒதுக்கச் சொல்லவில்லை. வீட்டு ஃபைபரில் உட்கார்ந்து டைப்ஸ்கிரிப்ட், பைத்தான் எழுத அதைவிட எளிதான இடம் கிடையாது, டீபக்கரும் உடனே வேலை செய்யும். ஆனால் ரிமோட்டில் அது ஒரு நோட் (Node.js) சர்வரை இறக்கி ஓட்டும். 1 ஜிபி ராம் உள்ள சின்ன கிளவுட் மெஷினில் டைப்ஸ்கிரிப்ட் சர்வரும் சேர்ந்தால் ராம் தீர்ந்து லினக்ஸ் கெர்னல் ஓடும் ப்ரோகிராம்களில் ஏதாவது ஒன்றைக் கொன்றுவிடும், சில சமயம் உங்கள் டேட்டாபேஸை. பழைய சர்வர்களுக்கு இன்னொரு கதவும் மூடிவிட்டது: 2024 தொடக்கத்தில் விஎஸ் கோடின் 1.86 பதிப்பு, சர்வரில் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.28 வேண்டும் என்றது, பிறகு கொஞ்ச காலம் அவகாசம் கொடுத்தது, 2025-ல் 1.99-ல் முடித்துவிட்டது. சென்ட்ஓஎஸ் 7-ல் இருப்பது 2.17. அப்படிப்பட்ட சர்வர் உங்கள் தலையில் இருந்தால் நியோவிம் பக்கம் வருவதே நிம்மதி. ஆனால் அதன் வழக்கமான புதிய பைனரியும் பழைய ஜிலிப்சியில் ஓடாது, பழைய ஜிலிப்சிக்கென்று தனியாக வரும் பைனரியை எடுக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயே சோர்ஸிலிருந்து பில்ட் செய்ய வேண்டும்.

ஜாவா, கோட்லின் என்றால் இன்டெலிஜே ஐடியா, வேறு பேச்சில்லை. 16 ஜிபி ராம் இல்லாமல் தொடாதீர்கள்.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 வைத்திருப்பவர்கள் ப்ராஜெக்டை லினக்ஸ் ஹோம் ஃபோல்டருக்குள் வையுங்கள். சி டிரைவில் வைத்து லினக்ஸிலிருந்து திறந்தால் ஒவ்வொரு ஃபைலும் இரண்டு சிஸ்டத்துக்கு நடுவே போய் வரும். ஃபைல்கள் அதிகமுள்ள ப்ராஜெக்ட் என்றால் கிட் ஸ்டேட்டஸுக்கே காத்திருக்க வேண்டும்.

கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், ரூட்டர் அணைந்துவிடும். ரூட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து அதற்கேற்ற மினி யுபிஎஸ் வாங்குங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் வேண்டும்.

மொழிக்கு வருவோம். சின்ன டீம், பேக்எண்ட் சர்வீஸ் என்றால் கோ. 8 ஜிபி லேப்டாப்பிலும் சட்டென்று கம்பைல் ஆகும், ஒரே பைனரி, சர்வரில் தூக்கிப் போட்டால் முடிந்தது. எர்ரர் செக் திரும்பத் திரும்ப எழுதுவது சலிப்புதான், ஆனால் ஆறு மாதம் கழித்து வேறொருவர் படிக்கும்போது அதுவே உதவும். ரஸ்ட் அருமையான மொழி. ஆனால் கொருக்குப்பேட்டை மொட்டை மாடி ரூமில், கத்திரி வெயிலில், ஏசி இல்லாமல் ஒரு பெரிய ப்ராஜெக்டை முழுசாக பில்ட் கொடுத்தால் மெல்லிய லேப்டாப் சூடேறி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரஸ்டின் லாங்குவேஜ் சர்வரான ரஸ்ட் அனலைசரும் பில்ட் கருவியான கார்கோவும், பில்ட் ஆனவை சேரும் ஒரே டார்கெட் ஃபோல்டரின் பூட்டுக்கு அடித்துக்கொண்டு ஒன்று மற்றொன்றுக்காகக் காத்து நிற்பதும் உண்டு. அனலைசருக்குத் தனி டார்கெட் ஃபோல்டர் கொடுக்கும் செட்டிங்கை ஆன் செய்தால் அது தீரும், பதிலுக்கு டிஸ்க் இடம் கூடுதலாகப் போகும்.

தமிழ் டேட்டா கையாளும் ஆப் என்றால் மொழித் தேர்வில் இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். தண்டையார்பேட்டை என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரிவது 8 எழுத்து. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் 15 என்று சொல்லும், ஏனென்றால் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனி குறியீடு. கோ, ரஸ்ட் இரண்டும் பைட்டை எண்ணி 45 என்று சொல்லும். ஸ்விஃப்ட் மட்டும் 8 என்கிறது. முகவரி லேபிளுக்காக 40 பைட்டில் வெட்டினால் கோ கடைசி டகரத்தின் ஒரே ஒரு பைட்டை மட்டும் ஒட்டவைத்துக் கொடுக்கும். திரையில் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம் வரும், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் அதை உள்ளே விடாது. ரஸ்ட் அந்த இடத்திலேயே பேனிக் ஆகி நிற்கும், அதுவே மேல். பைத்தானில் 14-ல் வெட்டினால் எர்ரரே வராது, பேட்டை என்பது பேட்ட ஆகிவிடும். வெட்டுவதானால் எழுத்துக்கூட்டமாக, அதாவது கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்தாக வெட்டுங்கள்: ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter), பைத்தானில் தனியாகப் போட வேண்டிய ரெஜெக்ஸ் பேக்கேஜ், ரஸ்டில் யூனிகோட் செக்மென்டேஷன் க்ரேட் (ரஸ்ட் லைப்ரரி).

இப்படிப்பட்ட டேட்டாவைப் பார்ப்பதற்கு மட்டும் விஎஸ் கோட் முந்துகிறது. பல டெர்மினல்களில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், கர்சர் எங்கே நிற்கிறது என்றே தெரியாது.

டெஸ்ட் டேட்டாவில் கொருக்குப்பேட்டை கட்டாயம் இருக்கட்டும். முதல் எழுத்தான கொ-வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் பொருந்தாது. டேட்டாபேஸுக்குள் போகும் முன்னும், தேடல் பெட்டியில் இருந்து வரும்போதும், இரண்டு பக்கமும் என்எஃப்சி நார்மலைஸ் செய்யுங்கள், அதாவது இரண்டு வடிவத்தையும் ஒரே குறியீடாக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பழைய ரெக்கார்டுகள் தேடலில் வராமல் போகும். ஏற்கெனவே சேர்ந்த டேபிளுக்கு ஒருமுறை மைக்ரேஷன் ஓட்டிவிட வேண்டும். ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸ் இருந்தால் அதை ஓட்டும் முன் ஒரே பெயர் இரண்டாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் பாதியில் நின்றுவிடும்.