புல்வெளி போட ஆள் பிடிக்கும் முன் கடப்பாரையைத் தேடி எடுத்து வையுங்கள்

மதுரையில் ஊமச்சிகுளம் பக்கம் வீடு கட்டிக் குடிபோன கையோடு, முன்பக்கம் சும்மா கிடந்த 400 சதுர அடியைத் தோட்டமாக்க ஆள் தேடினோம். ஒரு கல்யாண வீட்டில் அறிமுகமானவர் வந்தார். பெயர் வேண்டாம், இவரைப் போல் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

"புரட்டாசி முடியிறதுக்குள்ள போட்டுருவோம்க்கா, மத்ததை ஐப்பசி மழை பாத்துக்கிரும்" என்றார். அது பொய்யில்லை. மதுரைக்கு அக்டோபரில்தான் மழை அதிகம், வேர் பிடிக்க நல்ல சமயம். அவர் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான்.

இரண்டு யூனிட் செம்மண், கொரியன் புல், வேலியோரம் பன்னிரண்டு மல்லிகை நாற்று எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய்க்குப் பேசினோம். வீடு கட்டி மிஞ்சிய ரப்பிஷ் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. அதை அள்ளிப் போக தனியாக 3,000. நாற்று தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது என்றதும் நான் மயங்கிவிட்டேன், மல்லிகைக்கு நமக்கு அந்த ஊர் பெயரே போதுமே. வேலை நடந்த இரண்டு நாளும் நான் பள்ளிக்கூடத்தில். சாயங்காலம் வந்து பார்த்தால் பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்தது. 38,000-ல் 3,000 மட்டும் பாக்கி வைத்துவிட்டு, ரப்பிஷ் காசோடு மீதியை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

ஐப்பசியில் ஒரே ராத்திரி மழை. காலையில் கதவைத் திறந்தால் தண்ணீர் வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கிறது. தெருப்பக்கம் மேடு, வீட்டுப்பக்கம் பள்ளம். வாட்டமே தலைகீழ்! மூன்று நாள் வடியவில்லை, சுவரில் ஈரம் ஏறியது. அங்கங்கே புல் குழி விழுந்தது. அப்புறம் புல்லுக்கு நடுவே ஊசி ஊசியாகக் கோரை.

போன் போட்டால், "மழைக்கு எல்லா வீட்லயும் அப்படித்தான்க்கா, கார்த்திகையில வந்து பாக்குறேன்." கார்த்திகை வந்தது, அவர் வரவில்லை. பாக்கிப் பணத்துக்கு மட்டும் இரண்டு முறை கூப்பிட்டார்.

கடைசியில் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் எதுவும் கேட்கவில்லை, கடப்பாரையை ஓங்கி ஒரு குத்து. ணங் என்றது. "கீழ மண்ணு இல்ல தாயி." புல்லை உரித்துத் தோண்டினால் இரண்டு அங்குலம் செம்மண், அதற்குக் கீழே செங்கல் துண்டு, சிமெண்டுக் கட்டி, பெயிண்ட் டப்பா மூடி. உடைந்த டைல்ஸ் ஒன்றைக் கழுவிப் பார்த்தேன், நீலப் பூப் போட்டது. எங்கள் பாத்ரூம் டைல்ஸ். 3,000 வாங்கிக்கொண்டு அள்ளிய ரப்பிஷை எங்கள் காலுக்குக் கீழேயே போட்டு மூடியிருக்கிறார்.

ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. இரண்டு யூனிட்டை 400 சதுர அடியில் பரப்பினால் அரை அடி உயரம் வர வேண்டும். மழைக்கு அமுங்கினாலும் இரண்டு அங்குலமாகாது. நான் கணக்கு டீச்சர், இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வந்த கொஞ்ச மண்ணும் எந்த வயலோரம் அள்ளியதோ, கோரைக்கிழங்கு அதோடுதான் வந்திருக்க வேண்டும். மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளே தங்கிவிடும், திரும்ப முளைக்கும்.

மல்லிகையில் ஐந்து காய்ந்துவிட்டது. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், ஊதுபத்தி மாதிரி உருவிக்கொண்டு வந்தது. சாய்வாக வெட்டிய முனை, பேருக்கு ஒரு வேர் இல்லை. குச்சி வேர்விட்டு நடும் பக்குவத்துக்கு வர மூன்று நான்கு மாதம் வேண்டும். இது எங்கோ ஒடித்துப் பையில் செருகியது. மிச்சம் ஏழும் சிமெண்டுச் சுண்ணாம்பில் மஞ்சளாக வெளுத்து நிற்கின்றன. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்புச் சத்து உப்பு) கலந்து தெளித்து வருகிறேன்.

மண் இறங்கும்போது வீட்டில் யாராவது இருங்கள், டிப்பரின் நீளம் அகலம் உயரத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். நாற்றில் ஒன்றிரண்டைப் பையைக் கிழித்து வேர் பாருங்கள், கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். புல் பதிக்கும் முன் சுவரோரம் நாலு குடம் தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு பணத்தையாவது ஐப்பசி தாண்டிக் கொடுங்கள்.

அவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இன்னமும் எங்கள் வீட்டுப் புல்வெளி ஓடுகிறது, வேலை முடிந்த அன்று சாயங்காலம் எடுத்த படம். ஓரத்தில் ஒரு சிவப்பு ஸ்கூட்டர் நிற்கும். அது என்னுடையது.