கருப்பு வயரை எங்கே முடுக்குவது?

புதிய கார் ஸ்டீரியோவைப் பொருத்தும்போது மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் எல்லோரும் கவனமாகத்தான் இணைக்கிறார்கள். கருப்பு வயர் என்றால் மட்டும், ஏதாவது இரும்பில் தொட்டால் போதும் என்ற அலட்சியம். நான் பார்த்த ஸ்டீரியோ கோளாறுகளில் பல அந்த அலட்சியத்தில் தொடங்கியவை.

கருப்பு வயர்தான் எர்த், அதாவது ஸ்டீரியோவிலிருந்து மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. அதைக் கொடுக்க மூன்று வழிகள் உண்டு: காரின் சொந்த வயரிங்கில் உள்ள எர்த், டேஷ்போர்டுக்குப் பின்னால் காரின் உலோக உடலில் இருக்கும் பாடி போல்ட், பேட்டரியின் நெகட்டிவ் முனை.

ஸ்டீரியோ மட்டும்தான், தனி ஆம்ப்ளிஃபையர் இல்லை என்றால் என் ஓட்டு முதல் வழிக்கே. ஐஎஸ்ஓ கப்ளர் (ஸ்டீரியோவைக் கார் வயரிங்கோடு சேர்க்கும் பொதுத்தரப் பிளக்) உள்ள கார்களில் மின்சாரப் பகுதியின் 8-ஆம் முனை எர்த்துக்கு உரியது. சாதாரண ஸ்டீரியோவின் ஃபியூஸ் 10 அல்லது 15 ஆம்பியர்தான். அதற்குக் கம்பெனி வயர் தாங்கும். ஆனால் கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, வயரை முறுக்கி டேப் சுற்றினால் அந்த நல்ல எர்த்தும் வீண்.

அப்படிச் சுற்றிய ஒரு காரில், சத்தத்தைக் கூட்டினால் ஸ்டீரியோ அணைந்து அணைந்து எரிந்தது. பின்னால் கைவிட்டு ஆன்டெனா கேபிளை உருவினேன். திரை அப்படியே இருண்டது. டேப்பைப் பிரித்தால் கருப்பு வயர் தனியாக நின்றது, நுனிச் செம்பு பச்சை பூத்திருந்தது. அதுவரை மின்சாரம் திரும்பிச் சென்றது ஆன்டெனா கேபிளின் மேலுறை வழியாகத்தான்! இதே நிலையில் ஆம்ப்ளிஃபையருக்கு ஒலியைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரும் இருந்தால், ஸ்டீரியோவுக்குள் இருக்கும் மெல்லிய செப்புப் பாதை கருகிவிடவும் கூடும்.

கம்பெனி எர்த் பழுதாக இருந்தாலோ, அதில் வேறு கருவிகளும் பங்கு கேட்டாலோ, அடுத்தது பாடி போல்ட். சரியாகச் செய்தால் மிக உறுதியான வழி இது. 'சரியாக' என்பதில்தான் வேலையே இருக்கிறது. டேஷ்போர்டுக்குள் தெரியும் போல்ட் எல்லாம் எர்த் ஆகாது. சில பிளாஸ்டிக்கில் முடுக்கியவை. உலோகம்தான் என்று மீட்டரில் உறுதி செய்துகொண்டு, பெயின்டைப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை சுரண்டி, வயர் நுனியில் ரிங் லக் (வளைய வடிவ உலோக முனை) அழுத்தி, பல்வைத்த வாஷரோடு முடுக்க வேண்டும். பிறகு துருப்பிடிக்காமல் மேலே லேசாகப் பூச்சு. ஏர்பேக் தொடர்பான போல்ட்டைத் தொடவே கூடாது.

பேட்டரிக்கே நேராக வயர் இழுப்பது கேட்கச் சுத்தமாக இருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. 5 மீட்டர் நீளத்துக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் மின்தடை ஏறக்குறைய 0.12 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். பாடியையும் பேட்டரியையும் இணைக்கும் தடித்த பட்டை தளர்ந்துவிட்டால், காரின் மற்ற மின்சாரமும் இந்த ஒல்லி வயர் வழியே திரும்பப் பார்க்கும்; வயர் உருகும். நெகட்டிவ் முனையில் பேட்டரியின் மின்சாரத்தை அளக்கும் சென்சார் உள்ள புதிய கார்களில் அதைத் தாண்டி இணைத்தால் பேட்டரிக் கணக்கும் தவறும்.

ஆம்ப்ளிஃபையர் உண்டென்றால் அதற்குத் தனி எர்த், அதன் அருகிலேயே, பாசிட்டிவ் வயரின் அதே தடிமனில். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் சீழ்க்கைச் சத்தம் கேட்டால், பெரும்பாலும் ஸ்டீரியோ எர்த்துக்கும் ஆம்ப்ளிஃபையர் எர்த்துக்கும் இடையே வோல்ட் வேறுபாடு இருக்கிறது. இரைச்சலைக் குறைக்கும் ஃபில்டர் வாங்குவதற்கு முன் இரண்டு போல்ட்டையும் பாருங்கள்.

எந்த வழியானாலும் ஓம் அளவை மட்டும் நம்ப வேண்டாம்; மீட்டர் வயரின் தடையே அதில் கலந்துவிடும். பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கருப்பு வயரிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் நின்றால் டேஷ்போர்டை மூடலாம்.