திருச்சியில ஸ்கேன், டாக்டர், அப்புறம் ஒரு ப்ளவுஸ்

அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்காக டொராண்டோல இருந்து 5 வாரம் திருச்சி போயிட்டு வந்தேன், கல்யாண வேலைய விட ஸ்கேன் சென்டர் வாசல்ல உக்காந்த நேரம்தான் ஜாஸ்தி. 2019ல கேன்சருக்காக எனக்கு இடது மார்பை எடுத்துட்டு அதே ஆபரேஷன்ல எக்ஸ்பாண்டர்னு ஒரு காலி பை வச்சாங்க, கொஞ்சம் கொஞ்சமா ஊசியில சலைன் ஏத்தி தோலை விரிச்சு அப்புறமா சிலிகான் இம்ப்ளான்ட், நடுவுல ரேடியேஷன் வேற. இப்ப அந்தப் பக்கம் கல்லு மாதிரி இறுகி மேல இழுத்துக்கிச்சு.

அம்மா உடனே வெந்நீர் ஒத்தடம் குடுக்க வந்துட்டாங்க. யாரும் அதைப் பண்ணிடாதீங்க, எனக்கு அந்தத் தோல்ல உணர்ச்சியே இல்ல, சுட்டாலும் தெரியாம கொப்புளம் போட்டுடும்.

ஸ்கேன் மறுநாளே கிடைச்சுது, அதுக்கு ஒரு கும்பிடு. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு ரெண்டு பக்கமும் மேமோகிராம்னு எழுதிடுச்சு, இடது பக்கம் இருக்கறது இம்ப்ளான்ட்மான்னு மூணு தடவ சொன்னப்புறம்தான் அந்தப் பக்கத்துக்கு அல்ட்ராசவுண்டா மாத்துனாங்க. கிழிசல் இல்ல, நீர் கோக்கல.

ப்ளாஸ்டிக் சர்ஜன் முதல்ல கேட்டதே, உள்ள வச்சது எந்தக் கம்பெனி, எந்த வகைன்னு போட்டிருக்கற இம்ப்ளான்ட் கார்டு. அலர்கன் கம்பெனியோட சொரசொரப்பு இம்ப்ளான்ட்டைச் சுத்தி ஒரு வகை லிம்ஃபோமா (நிணநீர் கேன்சர்) வருதுன்னு 2019ல உலகம் முழுக்க ரீகால் பண்ணாங்களே, அதுக்காக. கார்டு டொராண்டோ வீட்டு டிராயர்ல! அங்க நடுராத்திரி, மகளை எழுப்பி போட்டோ அனுப்பச் சொன்னேன், என்னோடது வழுவழு டைப்தான். தொட்டுப் பாத்துட்டு பேக்கர் கிரேடு 3ன்னாரு, இறுக்கத்தை 1ல இருந்து 4 வரை சொல்ற கணக்கு அது. இம்ப்ளான்ட்டைச் சுத்தி எல்லாருக்கும் ஒரு உறை வளருமாம், சிலருக்கு அது சுருங்கி இறுக்குமாம், ரேடியேஷன் வாங்குன இடத்துல அது அதிகமாம். அடுத்த வாரமே உறையை எடுத்துட்டு வேற இம்ப்ளான்ட் வச்சுடலாம்னாரு. திரும்ப இறுகாதான்னா சிரிக்கறாரு, இம்ப்ளான்ட்டுக்குப் பதிலா வயித்துச் சதையை வச்சே மார்பு செய்யறதப் பத்தி நான் கேக்கற வரைக்கும் வாயே திறக்கல. வேணாம்னு வந்துட்டேன்.

டொராண்டோல ப்ரெஸ்ட்-க்யூன்னு ஒரு ஃபாரம் குடுப்பாங்க, கண்ணாடில பாத்தா எப்படி இருக்கு, ப்ரா ஒழுங்கா உக்காருதான்னு கேட்டு 0 முதல் 100 வரை ஸ்கோர் போடுவாங்க. திருச்சில வலி இருக்கா, காய்ச்சல் இருக்கான்னு கேட்டாங்க, அவ்வளவுதான். சித்தி வேற, "உசுரு பொழச்சியே, இதுக்கு மேல என்னடி"ங்கறாங்க. பொழச்சவளுக்கு ப்ளவுஸ் போட வேணாமா?

அதைக் கேட்டது தில்லைநகர்ல ஒரு டைலர் அக்கா. பழைய அளவு ப்ளவுஸைத் தள்ளி வச்சுட்டு டேப்பை ரெண்டு பக்கமும் வச்சுப் பாத்தாங்க, "ஒரே டாட் போட்டா நிக்காதுங்க, இடது முக்கால் இன்ச் ஏறி நிக்குது". எப்படிங்கன்னு ஒரு கேள்வி இல்ல. நியூஸ்பேப்பர்ல வலதுக்கும் இடதுக்கும் தனித்தனியா வெட்டி, இடது பக்கம் கீழ மட்டும் மெல்லிசா ஒரு கப் வச்சு தைச்சாங்க. முகூர்த்தம் முழுக்க ஒரு தடவை கூட முந்தானைய இழுத்து விடல நான்.

கிளம்பறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பரை மடிச்சு குடுத்து, அங்க யாரு தைச்சாலும் இத வச்சு வெட்டச் சொல்லுங்கன்னாங்க. ஆபரேஷன் பண்ணிட்டா அளவு மாறிடுமேக்கான்னேன். "மாறட்டும், வாங்க, வேற வெட்டிக்கலாம்."