பிள்ளைக்கு முழங்கை வீங்கினால் கட்டுப் போடுகிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். நம்ம பக்கம் பஸ்ஸில் போனால் சுவருக்குச் சுவர் எழுதியிருக்குமே, 'ஆபரேஷன் இல்லாமல் எலும்பு முறிவு, முட்டுவலி, தோள்பட்டை வலி குணப்படுத்தப்படும்' என்று, அந்த மாதிரி ஒரு இடத்தில் என் அக்கா மகனுடைய வலது கையைக் கெடுத்துவிட்டார்கள். மனு கொடுத்திருக்கிறோம், அதனால் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை, இதே மாதிரி இடம் உங்கள் ஊரிலும் ஒன்று கட்டாயம் இருக்கும்.

பையனுக்கு ஆறு வயது. அக்கா வீடு முக்கூடல் பக்கம். வைக்கோல் படப்பில் ஏறி ஆடிக்கொண்டிருந்தவன் கையை ஊன்றிக் கீழே விழுந்திருக்கிறான். முழங்கைக்குச் சற்று மேலே மளமளவென்று வீங்கிவிட்டது. பீடி சுற்றிக்கொண்டிருந்த அக்கா தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். தெருவே கூடி நின்று சொன்னது ஒரே யோசனைதான். "பெரியாஸ்பத்திரிக்குப் போனா கம்பி வச்சிருவாவ. அண்ணாச்சிட்ட கொண்டு போங்க, ஒரே கட்டுல சரியாயிரும்." எங்கள் ஆச்சிக்கும் முட்டுவலிக்கு அங்கேதான் பொடி வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. (ஆச்சி கதை தனி, அதற்கும் வருகிறேன்.)

அங்கே எக்ஸ்ரே கிடையாது. அந்த ஆள் விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு "முட்டு விலகியிருக்கு" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் பையனைப் பிடித்துக்கொள்ள, ஒரே இழுப்பு. அப்புறம் முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் தப்பை வைத்து, முழங்கையை முடிந்தமட்டும் மடக்கி, தோளில் இருந்து மணிக்கட்டு வரை துணியால் இறுக்கிக் கட்டியாயிற்று. 3,000 ரூபாய். ரசீது கேட்டதற்கு "நம்மகிட்ட அதெல்லாம் வழக்கம் இல்லம்மா" என்று பதில். கட்டை யாரும் தொடக்கூடாது, தொட்டால் எலும்பு கோணிக்கும், அப்புறம் தான் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க பையன் கத்தியிருக்கிறான். வழக்கமாக விழுந்து அடிபட்ட பிள்ளை அழுது அழுது அசந்து தூங்கிவிடும். இவன் தூங்கவே இல்லை, நேரம் ஆக ஆக அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை. அத்தான் அந்த ஆளுக்குப் போன் போட்டால் "கட்டு பிடிக்கும்போது அப்படித்தான் குடையும், காலையில வத்திரும்" என்கிறார். விடியக்காலை அக்கா எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அஞ்சு விரலும் உப்பிப்போய், நகமெல்லாம் நாவப்பழம் தின்ற நாக்கு நிறத்தில் இருந்தது. நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே வரச் சொல்லிவிட்டு நானும் அங்கே போய் நின்றேன்.

கேஷுவாலிட்டியில் இருந்த டாக்டர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. முதலில் கத்தரிக்கோலை எடுத்துத் தோளில் இருந்து மணிக்கட்டு வரை கட்டு மொத்தத்தையும் வெட்டிப் பிரித்தார். அதன் பிறகு பையனுடைய நடுவிரலைப் பிடித்து மெதுவாக, ரொம்ப மெதுவாக நிமிர்த்தினார். அவன் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் தேடியது அந்த வலியைத்தானாம். அடிபட்டது முழங்கையில், ஆனால் விரலை நிமிர்த்தினால் முன்கையே கிழிகிற மாதிரி வலிக்கிறது என்றால் உள்ளே தசை ரத்தம் கிடைக்காமல் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு அவர் விளக்கிச் சொன்னதை என்னால் முடிந்த அளவு எழுதுகிறேன், இதைத் தெரிந்துகொள்ளாமல் பிள்ளை வைத்திருப்பவர்கள் இருக்கக்கூடாது. மேல்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே தகடு மாதிரி மெலிந்து போகும் இடத்தில் உடைவதை சூப்ராகாண்டைலர் முறிவு என்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் கையை ஊன்றி விழுந்தால் முழங்கையில் அதிகம் உடைவது இந்த இடம்தான், அதுவும் அஞ்சு முதல் ஏழு வயதில். அந்த எலும்புக்கு முன்னால் ஒட்டியே கைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. முன்கைத் தசைகளைச் சுற்றி விரியாத ஓர் உறை இருக்கிறது. உள்ளே வீக்கம் கூடும்போது அந்த உறைக்குள் அழுத்தம் ஏறும், வெளியே இறுக்கிக் கட்டினால் இன்னும் ஏறும், வீங்கின முழங்கையை நன்றாக மடக்கினால் ரத்தக்குழாயும் நசுங்கும். கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று பெயர். இப்படி ஆறு எட்டு மணி நேரம் போனால் தசை திரும்பாது. செத்த தசை தழும்பாகிச் சுருங்கி விரல்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். இறுக்கமான கட்டுக்கும் இந்த ஊனத்துக்கும் உள்ள தொடர்பை வோல்க்மன் என்ற ஜெர்மன் சர்ஜன் 1881-இலேயே எழுதி வைத்துவிட்டார். அவர் பெயரில்தான் இதை இன்றைக்கும் சொல்கிறார்கள். நம்ம ஊரில் இன்னும் அதே கட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அன்றைக்கே ஆபரேஷன். முன்கையை நீளமாகக் கீறித் திறந்து அழுத்தத்தை விட்டு, எலும்பை நேர்ப்படுத்திக் கம்பி போட்டார்கள். திறந்த இடத்தை உடனே மூட முடியாது, அதனால் பிறகு தொடையில் இருந்து தோல் எடுத்து வைத்தார்கள். இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. தெருவே பயந்த அந்தக் கம்பி இருக்கிறதே, அது நாம் நினைக்கிற மாதிரி பெரிய தகடு வைத்து திருகாணி முடுக்குகிற வேலையே இல்லை. மயக்கம் கொடுத்து, தோலைக்கூடக் கீறாமல் எலும்பைச் சேர்த்து, வெளியில் இருந்தே ரெண்டு மூணு மெல்லிய கம்பியைச் செலுத்தி, மூன்று நான்கு வாரத்தில் ஓ.பி.யிலேயே உருவி எடுத்துவிடுவார்கள். எலும்பு விலகாத முறிவாக இருந்தால் அதுகூட வேண்டாம், மாவுக்கட்டு போதும். முதல் நாளே வந்திருந்தால் இவனுக்கு அவ்வளவோடு முடிந்திருக்கும்.

இப்போது அவன் மணிக்கட்டை உள்பக்கம் மடக்கினால் விரல்கள் நீளுகின்றன. மணிக்கட்டை நிமிர்த்தினால் விரல்கள் தாமாகச் சுருண்டுகொள்கின்றன. ரெண்டையும் சேர்த்து நிமிர்த்த முடியாது. பென்சிலைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் செருகிக்கொண்டு தோளை அசைத்து 'அ' போடுகிறான். பிசியோதெரபி நடக்கிறது, ராத்திரி விரல்களை நீட்டி வைக்க ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள், வளர வளர இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம் என்கிறார்கள்.

சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்த அந்த ஆளிடம் நேரில் போய்க் கேட்டேன். "உங்க பையன் கட்டை அசைச்சிருப்பான் தம்பி" என்றார். கூடவே ஒரு சாட்சியும் ரெடியாக வைத்திருந்தார். பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு ரெண்டு வயது, கையைத் தூக்காமல் அழுதுகொண்டு வந்தது, ஒரு நிமிஷத்தில் தூக்க வைத்துவிட்டாராம். அது உண்மையாகவே இருக்கும். அஞ்சு வயதுக்குள் இருக்கிற பிள்ளையை ஒற்றைக் கையைப் பிடித்துச் சுண்டித் தூக்கினால் முன்கையில் இருக்கிற ஆர எலும்பின் தலை, முழங்கையில் அதைப் பிடித்திருக்கும் வளையத்தில் இருந்து லேசாக நழுவும். முன்கையைத் திருப்பி மடக்கினால் 'க்ளிக்' என்று உட்கார்ந்துகொள்ளும், சில நேரம் தானாகவே சரியாகும். அதில் எலும்பு முறிவே கிடையாது. இப்படித் தூக்க வைத்த பத்துப் பிள்ளைகளின் புகழில்தான் அடுத்து எலும்பு உடைந்து வருகிற பிள்ளைக்கும் கட்டுப் போடுகிறார்கள். விழுந்ததா, கையைப் பிடித்து இழுத்ததா, வீக்கம் உண்டா இல்லையா என்று ஒரு கேள்வி கேட்டாலே ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆச்சி விஷயம். முட்டு தேய்ந்து நடக்க முடியாமல் இருந்தவள் அந்தப் பொடியைத் தின்ற ரெண்டு மூணு நாளில் கோயிலுக்கு நடந்து போனாள், வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியம். அப்புறம் முகம் உருண்டையாக உப்பியது, சர்க்கரை ஏறியது, தொட்ட இடமெல்லாம் தோல் கன்றிப்போனது. ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பார்கள் என்பது டாக்டரின் சந்தேகம். பொட்டலத்தில் பெயரும் இல்லை, என்ன சேர்த்திருக்கிறது என்றும் இல்லை. தேய்ந்த முட்டு எந்தப் பொடியிலும் ரெண்டு நாளில் சரியாகாது. உங்கள் வீட்டிலும் யாராவது இப்படித் தின்றுகொண்டிருந்தால் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், நாள்பட்ட ஸ்டீராய்டை ஒரேயடியாக விட்டால் அதுவும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள், படிப்படியாகக் குறைப்பார்.

சித்த மருத்துவத்தைத் திட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். 1964-இல் இருந்து பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, எலும்புக்குக் கட்டுவதைக் கொம்பு கட்டல் என்று புற மருத்துவத்தில் ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். நான் கேட்டது அந்த ஆளுடைய பதிவு எண்ணை. "பரம்பரை" என்றார். அவ்வளவுதான் அவருடைய படிப்பு.

சரி, பிள்ளை விழுந்து முழங்கை வீங்கிவிட்டால் என்ன செய்வது? இழுக்காதீர்கள், நீவாதீர்கள், தைலம் போட்டு உருவாதீர்கள். முழங்கையை உருவினால் தசைக்குள் எலும்பு வளர்ந்து முட்டு மடங்காமலே போய்விடலாம். கை எப்படி இருக்கிறதோ அப்படியே அட்டையோ மடித்த பேப்பரோ வைத்துத் துண்டால் தளர்வாகத் தாங்கிக்கொண்டு, 108-ஐக் கூப்பிட்டு எக்ஸ்ரேயும் எலும்பு டாக்டரும் இருக்கிற இடத்துக்குப் போங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம், அதனால் வழியில் அழுகிறானே என்று பால், பிஸ்கட் கொடுக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளின் முழங்கையில் பாதி குருத்தெலும்புதான், எக்ஸ்ரேயில் தெரியாது, 'முறிவு இல்லை' என்று சொன்ன பிறகும் வீக்கமும் வலியும் போகவில்லை என்றால் திரும்பவும் காட்டுங்கள். ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டாக இருந்தாலும் சரி, வலி கூடிக்கொண்டே போனால், விரல் மரத்துப் போனால், குளிர்ந்தால், நிறம் மாறினால், விரலை நிமிர்த்தும்போது அலறினால், விடியட்டும் என்று இருக்காமல் அந்த நிமிஷமே போய்க் கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கும், திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுத்துவிட்டோம். ரசீது இல்லாததால் அங்கேதான் கட்டுப் போட்டோம் என்று காட்டுவதே பாடாக இருக்கிறது. கைவசம் இருப்பது அக்காவின் போனில் உள்ள போட்டோவும், அன்றைக்கு ராத்திரி அத்தான் கூப்பிட்ட போன் கால் பதிவும், வெட்டிய துணியோடு எடுத்து வைத்த ரெண்டு மூங்கில் தப்பையும்தான்.