வேலியா, வேலையிடச் சோதனையா, விசாவா?

அமெரிக்க–மெக்சிகோ எல்லை சுமார் 3,145 கிலோமீட்டர். அங்கே சட்டவிரோதமாக ஆள் வருவதைத் தடுக்க முன்வைக்கப்படும் வழிகள் பல. வேலி, வேலை கொடுப்பவரைச் சோதிப்பது, சட்டப்படி வந்துபோக விசா கொடுப்பது ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

வேலிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் ஊர் கலிபோர்னியாவின் எல்லை நகரான சான் டியாகோ. 1994-இல் அங்கே பிடிபட்டவர்கள் சுமார் 4,50,000 பேர். வேலி, விளக்குகள், கூடுதல் காவலர்கள் என்று குவித்ததில் 2000-இல் அது ஒன்றரை லட்சமாகக் குறைந்தது. நல்ல பலன்தான். ஆனால் அதே காலத்தில் அரிசோனாவின் டூசான் பகுதியில் 1,39,000-ஆக இருந்த எண்ணிக்கை 6 லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை, பாலைவனம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். 1998-க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் எல்லை தாண்ட முயன்று இறந்தவர்களில் எல்லைக் காவல் படை கணக்கில் ஏறியவர்கள் மட்டும் 7,000-க்கு மேல். இந்த எண்ணை ஒதுக்கிவிட்டு வேலியின் வெற்றியைப் பேச என்னால் முடியவில்லை.

வேலியைக் கிட்டப்போய்ப் பார்த்தால் அதன் வேலை புரியும். அண்மையில் கட்டப்பட்டவை ஆறு அங்குலச் சதுர எஃகுத் தூண்கள், 30 அடி உயரம் வரை, உள்ளே கான்கிரீட். இடையில் நான்கு அங்குல இடைவெளி. கடைகளில் விற்கும் பேட்டரி ரம்பத்தால் ஆள்கடத்துபவர்கள் தூணின் அடியைச் சில நிமிடங்களில் அறுத்துவிட்டது 2019-இல் வெளிவந்தது. தூண் உயரமாக இருப்பதால், அடியை அறுத்த பிறகு தள்ளினால் அசைந்து ஆள் நுழைய வழி விடும். பிறகு அதைப் பழையபடி நிறுத்தி, அறுத்த இடத்தைப் பூசி மறைத்துவிடுவார்கள். அரிசோனாவில் மழைக்காலத்தில் வெள்ளம் வேலியையே பெயர்த்துவிடக்கூடும் என்பதால் அதிலுள்ள மதகுக் கதவுகளைத் திறந்து வைக்கவேண்டியிருக்கிறது. ஆக, வேலி வாங்கித் தருவது சில நிமிடத் தாமதம். நகரத்தில் அந்தத் தாமதம் பொன்னானது. தெருவைக் கடந்துவிட்டால் ஆள் கூட்டத்தில் கலந்துவிடுவான். ஒரு நாள் முழுக்க நடக்கவேண்டிய பாலைவனத்தில் அதற்கு என்ன மதிப்பு?

வேலியின் கைக்கு எட்டாத இரண்டு கூட்டங்களும் உண்டு. ஒன்று, விசாவில் விமானம் ஏறி வந்து கெடு முடிந்தும் தங்குபவர்கள்: 2019 நிதியாண்டில் 6,70,000-க்கு மேல். மற்றொன்று, அடைக்கலம் கேட்பவர்கள். 2014 முதல் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து குழந்தைகளோடு வந்த குடும்பங்களில் பல ஓடி ஒளியவில்லை. வேலி அமெரிக்க மண்ணுக்குச் சற்று உள்ளே நிற்பதால், அதன் முன்னால் வந்து சேர்ந்தாலே அமெரிக்காவில் கால் வைத்தாகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து காவலரின் வண்டிக்காகக் காத்திருந்தார்கள்.

இஸ்ரேல்–எகிப்து வேலியைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். 2011-இல் 17,000 பேர் நுழைந்த எல்லையில் 2013-இல் நுழைந்தவர்கள் இருநூறைக்கூட எட்டவில்லை. உண்மை. ஆனால் அது சுமார் 240 கிலோமீட்டர். கூடவே, நுழைந்தவர்களை மூன்றாண்டு வரை அடைத்துவைக்கும் சட்டமும் 2012-இல் வந்தது. வேலிக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது.

வேலையிடச் சோதனை கொள்கை அளவில் வேலியைவிடக் கூர்மையானது, ஏனென்றால் இழுத்து வருவதே வேலைதான். 1986 சட்டம் முதலாளிக்குத் தண்டனை வைத்தது, ஆனால் 'தெரிந்தே' சேர்த்திருந்தால் மட்டும். பார்வைக்கு அசலாகத் தெரியும் தாள் இருந்தால் போதும் என்றானதும் போலி ஆவணச் சந்தை செழித்தது. இ-வெரிஃபை என்ற கணினிச் சரிபார்ப்பு பெரும்பாலான தனியார் முதலாளிகளுக்கு நாடு தழுவிய கட்டாயமாக்கப்படவில்லை. இன்னொருவரின் உண்மையான சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கொண்டுவந்தாலும் அது ஏமாந்துபோகிறது.

என் சாய்வு மூன்றாவது வழிக்கு. 1942 முதல் 1964 வரை பிராசெரோ திட்டத்தில் மெக்சிகோத் தொழிலாளர்கள் ஒப்பந்தத்தில் வந்து போனார்கள். 1954-இல் பத்து லட்சத்தைத் தாண்டிய பிடிபட்டோர் எண்ணிக்கை, பெரிய நாடுகடத்தல் நடவடிக்கையோடு ஆண்டுக்கு நான்கு லட்சம் ஒப்பந்தங்களும் சேர்ந்தபோது, 1959-க்குள் ஐம்பதாயிரத்துக்குக் கீழே வந்தது. திட்டம் முடிந்தபின் மறுபடி ஏறியது. அதில் கொடுமைகளும் இருந்தன: பூச்சிமருந்தை ஆட்கள்மேலேயே தெளித்தார்கள், பிடித்துவைத்த பத்து சதவீதக் கூலி பலருக்குக் கிடைக்கவே இல்லை. அப்படியே திருப்பிக் கொண்டுவரச் சொல்லவில்லை. கூலியும் முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமையும் காக்கப்பட்ட விசா வேண்டும் என்கிறேன்.

இப்போதிருக்கும் எச்-2ஏ விவசாய விசாவுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆனால் அது பருவகால வேலைக்கு மட்டும். ஆண்டு முழுக்கப் பால் கறக்கவேண்டிய பண்ணைக்காரர் பசுவுக்குப் பருவம் இல்லை என்பதால் அந்த விசாவில் ஆள் எடுக்க முடியாது. ஆகவே விஸ்கான்சின் மாநிலத்துப் பால் பண்ணைகளில் பெரும்பாலும் ஆவணமில்லாத தொழிலாளர்கள்தான் இரவு பகலாகக் கறக்கிறார்கள்.